பணம் ஊருக்குப் போகிறது, பட்டா மட்டும் தாத்தா பெயரில்!

தாராவியிலிருந்து மிட்டி ஆற்றைத் தாண்டினால் பாந்திரா–குர்லா வளாகம். கண்ணாடிக் கட்டடங்கள் வரிசை வரிசையாக எழுந்து நிற்கும் அந்த இடத்தில்தான் 'நபார்டு' எனப்படும் தேசிய வேளாண்மை, ஊரக வளர்ச்சி வங்கியின் தலைமை அலுவலகம் இருக்கிறது. 1982 ஜூலை 12 அன்று தொடங்கப்பட்ட வங்கி இது. தனி உழவருக்கு நேராகப் பயிர்க் கடன் தருவதில்லை. மாநிலக் கூட்டுறவு வங்கி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, கிராமத்துக் கடன் சங்கம் என்று படிப்படியாக இறங்கும் கடனுக்கு மறுநிதி கொடுத்துத் தாங்கி நிற்கிறது.

ஆற்றின் இந்தக் கரையில், திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமைகளிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாகத் தோல் வேலையிலும் இட்லி வியாபாரத்திலும் ஆபீசு வேலையிலும் உழைத்து வாழ்கிறவர்கள் நம்மவர்கள். மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் போகிறது. முன்பு மணியார்டரில் போனது, இப்போது கைபேசியில் ஒரு நொடியில் போய்விடுகிறது. உழவுக் கூலி, உரம், நடவு, அறுப்பு என்று அந்தப் பணம் வயலில் கரைகிறது. போதாததற்கு ஊரில் வட்டிக்கு வாங்குகிறார்கள்.

உழவனுக்கென்று குறைந்த வட்டிக் கடனும், மானியமும், காப்பீடும் நாட்டில் இருக்கும்போது அவை ஏன் நம்மவர் வயல் வரப்பு வரைக்கும் வருவதில்லை?

ஒரு வீட்டுக் கதை

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெயரும் ஊரும் வேண்டாம். தாராவியில் இந்தக் கதை பல வீடுகளில் நடப்பதுதான்.

ஊரில் இரண்டு ஏக்கர் நஞ்சை. அண்ணன் மும்பையில் தொழிலாளி. தம்பி ஊரில் பயிர் செய்கிறார். தகப்பனார் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. பிசானத்துக்கு நாற்றுப் பாவும் நேரத்தில் தம்பியிடமிருந்து போன் வருகிறது. "அண்ணே, இன்னும் பத்தாயிரம் குறையுது. இல்லேன்னா வட்டிக்குத்தான் வாங்கணும்."

"சொசைட்டியில கேட்டியாப்பா?"

"கேட்டேண்ணே. சிட்டாவிலே உங்க தாத்தா பேருல்லா இருக்கு, அவரையா கூட்டிட்டு வரப்போறேன்னு செயலாளர் சிரிக்காரு."

அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அண்ணன் கடன் வாங்கி அனுப்புகிறார். தம்பி மீதியை வட்டிக்கு வாங்குகிறார். அடுத்த வருடமும் இதே போன், இதே பதில். சங்கத்தில் பணம் இல்லாமல் இல்லை. வாங்குவதற்கு உரிய ஆள் யார் என்று காகிதம் சொல்லவில்லை. குறை அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்

ஊரில் 'ரெண்டு வட்டி' என்பது சாதாரணப் பேச்சு. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், அதாவது வருடத்துக்கு 24 சதவீதம். ஒரு லட்சம் வாங்கினால் வருட வட்டி மட்டும் 24,000 ரூபாய்.

1998இல் தொடங்கப்பட்ட கிசான் கடன் அட்டைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை பயிர்க் கடனுக்கு வட்டி 7 சதவீதம். கெடு தவறாமல் கட்டினால் அதில் 3 சதவீதத்தை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. எனவே உழவர் கையிலிருந்து போவது 4 சதவீதம். ஒரு லட்சத்துக்கு 4,000 ரூபாய். இந்த 3 லட்சம் வரம்பை 5 லட்சமாக உயர்த்தும் அறிவிப்பு 2025 மத்திய பட்ஜெட்டில் வந்தது.

தமிழ்நாட்டின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய பயிர்க் கடனை உரிய தேதிக்குள் கட்டியவருக்கு வட்டியே கிடையாது. அந்த வட்டியை மாநில அரசு ஏற்கிறது.

ஒரே லட்சத்துக்கு ஓரிடத்தில் 24,000, இன்னோரிடத்தில் 4,000, மூன்றாமிடத்தில் ஒன்றுமில்லை. மும்பையில் ஓவர்டைம் பார்த்து மிச்சம் பிடிக்கும் பணம் எங்கே போகிறது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடும்.

அடமானம் கேட்பார்களோ என்று தயங்குகிறவர்கள் உண்டு. 2025 ஜனவரி 1 முதல், பிணையில்லாமல் விவசாயக் கடன் வழங்கும் வரம்பை ரிசர்வ் வங்கி 1 லட்சத்து 60 ஆயிரத்திலிருந்து 2 லட்சமாக உயர்த்தியது. கறவை மாடு, ஆடு, கோழி, மீன் வளர்ப்புக்கும் 2018–19 முதல் கிசான் கடன் அட்டை உண்டு.

இது வங்கிக்காரர் மனம் இரங்கிக் கொடுக்கும் தர்மம் அல்ல. வணிக வங்கிகள் தங்கள் கடனில் 18 சதவீதத்தை விவசாயத்துக்கு ஒதுக்க வேண்டும் என்பதும், அதற்குள் சிறு, குறு விவசாயிகளுக்கென்று தனிப் பங்கு இருக்க வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. மனுக் கொடுத்தும் காரணமின்றி இழுத்தடித்தால் முதலில் அந்த வங்கியிடமே எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவு இல்லை.

முதல் வேலை பட்டா

கடன் சங்கமானாலும் வங்கியானாலும் காப்பீடானாலும் முதலில் கேட்கப்படுவது சிட்டாவும் அடங்கலும்தான். சிட்டா நிலம் யாருடையது என்று சொல்லும். அடங்கல் அதில் இந்தப் பருவத்தில் என்ன பயிர் என்று சொல்லும். சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு. அதற்கான சிறு விவசாயி சான்றிதழும் இந்தக் காகிதங்களை வைத்தே கிடைக்கும். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதலில் திறக்கப்பட்ட உழவர் சந்தையில் கடை வாடகையில்லாமல் காய்கறி விற்கலாம். அங்கும் அடையாள அட்டைக்குச் சாகுபடிச் சான்று வேண்டும்.

1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நிலப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன. 'யு.டி.ஆர்.' என்று சொல்வார்கள். அந்தச் சமயத்தில் ஊரில் இல்லாதவர்களின் பெயர் விடுபட்டதும், பக்கத்துக்காரர் பெயர் ஏறியதும் உண்டு. பம்பாய்க்கு ரயிலேறியவர்கள் பலர் அதைக் கவனிக்கவில்லை. பிள்ளைகள் இப்போது கவனிக்கிறார்கள்.

தகப்பனார் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் வைத்து வாரிசுகள் எல்லாருடைய பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றலாம். அவரவர் பங்கு தனித்தனியாக வேண்டுமென்றால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து, நிலத்தை அளந்து, உட்பிரிவு செய்ய வேண்டும். வாரிசுச் சான்றிதழில் அக்கா, தங்கை பெயரும் வரும். அவர்களை மறைத்துவிட்டுக் காரியத்தை முடிக்கலாம் என்று நினைப்பது சட்டத்துக்கும் ஒவ்வாது, குடும்பத்துக்கும் ஆகாது. பின்னால் கோர்ட்டுப் படி ஏறும்போது பட்டா மறுபடியும் முடங்கிவிடும்.

பத்திரப் பதிவுக்கு நேரில் போக லீவு கிடைக்காதவர் ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். தாம் வசிக்கும் பகுதியின் சார்பதிவாளர் முன்னிலையில் கையெழுத்திட்டு அத்தாட்சி பெற்றால் போதும். இதை மும்பையிலேயே செய்யலாம். ஆனால் எந்தக் காரியத்துக்கு என்பதை அந்தப் பத்திரத்தில் தெளிவாக எழுத வேண்டும். 'விற்கவும் அதிகாரம்' என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால் நிலமே கை மாறக்கூடும்.

குத்தகைக்காரர் என்ன செய்வார்?

தம்பியும் இல்லை, உறவும் இல்லை. நிலத்தைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ விட்டு வந்தவர்கள் இன்னொரு வகை. இவர்கள் ஒரு துண்டுக் காகிதமும் எழுதிக் கொடுப்பதில்லை. எழுதினால் நிலம் போய்விடுமோ என்ற பயம். 1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பதால், அந்தப் பயத்தைக் காரணமற்றது என்று தள்ளிவிடவும் முடியாது.

ஆனால் வெயிலில் நின்று பயிர் செய்கிறவர் அந்தப் பயத்துக்கு விலை கொடுக்கிறார். பேருக்கு நில உடைமைக்காரர் மும்பையில். கடனுக்கு அலைகிறவர் ஊரில். எழுத்து ஒப்பந்தம் இல்லாத வாய்மொழிக் குத்தகைதாரருக்கும் வாரதாரருக்கும் கிசான் கடன் அட்டை உண்டு என்பது திட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. 4 முதல் 10 பேர் வரை சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்தும் கடன் வாங்கலாம். ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் பொறுப்பு. தங்கள் நிலத்தில் பயிரிடுகிறவரை இந்த வழியைக் கேட்டுப் பார்க்கச் சொல்வது நில உடைமைக்காரருக்கு நஷ்டமில்லை. குத்தகை நெல்லும் குறையாமல் வரும்.

விதைக்கும்போது அல்ல, கெடுவுக்கு முன்

இனி அட்டை கிடைத்தவர்கள் சங்கதி. வருடம் முடியும்போது கடனைக் கட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். கையில் பணமில்லாதவர் என்ன செய்கிறார்? நாலு நாளைக்கென்று கந்து வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார். மறு வாரம் புதுக் கடனை எடுத்து வட்டிக்காரருக்குக் கொடுக்கிறார். அப்படியும் முடியாதவர் கெடுவைத் தவறவிடுகிறார். 3 சதவீதச் சலுகை போகிறது. கணக்கு கெட்டால் அடுத்த கடனும் நின்றுபோகிறது.

மும்பைப் பணம் சரியாகப் பயன்பட வேண்டிய இடம் இதுதான். விதைப்புக்கு வங்கிப் பணம் இருக்கிறது. கெடு தேதிக்குத்தான் கைப்பணம் தேவை. மாதா மாதம் ஆயிரம் இரண்டாயிரமாகத் தனியே சேர்த்து, கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு அனுப்பினால் போதும். அதே பணம் வட்டியையும் மிச்சப்படுத்தும், தம்பியின் பெயரையும் வங்கியில் காப்பாற்றும். மும்பை வீட்டுச் சுவர்க் காலண்டரில் சீட்டுத் தேதியைக் குறிக்கிறவர்கள் தம்பியின் கெடு தேதியையும் பக்கத்தில் குறித்து வைக்கலாம்.

ஆறாயிரம் ரூபாய் யாருக்கு?

பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரி 24 அன்று தொடங்கியது. வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வங்கிக் கணக்கில் விழும். இதில் குமாஸ்தாக்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வருமான வரி கட்டுபவருக்கும், மத்திய, மாநில அரசு ஊழியருக்கும், மாதம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் ஓய்வூதியம் பெறுபவருக்கும் இது கிடையாது. கடைநிலை ஊழியருக்கு மட்டும் விலக்கு உண்டு. குடும்பம் என்றால் கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள். ஆகவே அரசு வேலையிலிருப்பவர் மனைவி பெயரில் எழுதி வாங்குவதும் சரியல்ல. ஊரில் நிலம் தகப்பனார் பெயரில் இருந்து, அவர் இந்தத் தடைகளில் எதிலும் வராதவரானால், அவர் தாராளமாகப் பெறலாம்.

2020இல் தமிழ்நாட்டின் சில மாவட்டங்களில் தகுதியில்லாதவர்களை இதில் சேர்த்த மோசடி வெளிவந்து, கொடுத்த பணம் திரும்ப வசூலிக்கப்பட்டது. இடைத்தரகர் பேச்சைக் கேட்டுப் பெயர் கொடுத்த ஏழைகளும் அதில் அகப்பட்டுக்கொண்டனர்.

2019 பிப்ரவரி 1க்குப் பிறகு நிலம் வாங்கியவருக்கு இந்தப் பணம் இல்லை. நில உடைமைக்காரர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விதிவிலக்கு. இங்கும் வாரிசுப் பட்டாதான் சாட்சி.

வெள்ளம் சொன்ன பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பேய் மழையை நம்மவர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது. ஊருக்குப் போன் கிடைக்காமல் மும்பையில் இரவெல்லாம் விழித்திருந்த குடும்பங்கள் எத்தனையோ. வயலில் நின்ற பயிரும் வாழையும் தண்ணீரோடு போயின.

2016இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உழவர் கட்டும் பிரிமியம், காப்பீட்டுத் தொகையில் காரிப் பருவத்துக்கு 2 சதவீதம், ரபி பருவத்துக்கு 1.5 சதவீதம், வணிகப் பயிருக்கும் தோட்டப் பயிருக்கும் 5 சதவீதம். மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டும். 2020 காரிப் பருவம் முதல் இது கட்டாயமல்ல, விருப்பம். கடன் வாங்கியிருப்பவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். அற்பப் பணத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்து அப்படி எழுதிக் கொடுப்பவர், வெள்ளம் வந்த பின் கையைப் பிசைய வேண்டியதுதான்.

குத்தகைதாரரும் காப்பீடு செய்யலாம். அடங்கல் வேண்டும். ஆலங்கட்டி மழை போல ஒரு சில வயலை மட்டும் தாக்கும் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதற்கான தொலைபேசி எண் 14447. அடைமழையில் அலைகிற தம்பிக்கு இது நினைவுக்கு வராது. மும்பையில் உட்கார்ந்திருப்பவர் நினைவூட்டலாம்.

அடுப்படியிலும் ஒரு தொழில்

விளைந்ததை அப்படியே மூட்டையாக விற்பதை விட, மாவாக, அப்பளமாக, ஊறுகாயாக, கருப்பட்டி மிட்டாயாக விற்றால் கூடுதல் காசு. இதற்கும் வழி உண்டு. 2020இல் வந்த குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் திட்டத்தில், எந்திரம் வாங்க எடுக்கும் வங்கிக் கடனுடன் சேர்த்துச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் என்று வகுத்தார்கள். தொழில் செய்பவர் தம் பங்காக 10 சதவீதமாவது போட வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவில் உணவுத் தொழில் செய்யும் உறுப்பினருக்கு ஆளுக்கு 40,000 ரூபாய் வரை ஆரம்ப மூலதனமும் அதில் சேர்க்கப்பட்டது. திட்டக் காலம் அவ்வப்போது நீட்டிக்கப்படுவதால், மனுப் போடுமுன் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஊரில் தனியாக நிற்க முடியாதவர்கள் கூடி உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் அமைக்கலாம். 2020இல் மத்திய அரசு அறிவித்த 10,000 நிறுவனங்கள் திட்டத்தில், சமவெளிப் பகுதியில் குறைந்தது 300 உறுப்பினர் வேண்டும் என்று வகுத்தார்கள். நிர்வாகச் செலவுக்கு மூன்றாண்டில் 18 லட்சம் ரூபாய் வரை உதவி என்றும் அதில் இருந்தது. உறுப்பினர் போடும் பங்குத் தொகைக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை அரசும் போடுவதாக இருந்தது.

விடியுமுன் அண்டாவைத் தலையில் தூக்கிக்கொண்டு தாராவியிலிருந்து புறப்படும் நம் இட்லி வியாபாரிகளையும் மறந்துவிடக் கூடாது. தெருவோர வியாபாரிகளுக்காக 2020இல் தொடங்கிய ஸ்வநிதி திட்டம் 2025 ஆகஸ்டில் திருத்தப்பட்டு 2030 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டது. முதல் கடன் 15,000 ரூபாய். ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது 25,000, பிறகு 50,000. பிணை கிடையாது. வயலுக்குப் பட்டா எப்படியோ, தெருவோர வியாபாரிக்கு மாநகராட்சியின் வியாபாரச் சான்று அப்படி.

கேட்காமல் வரும் உதவி

'பி.எம். கிசான்' என்று பெயர் போட்டு வாட்ஸ்அப்பில் வரும் கோப்பைத் திறந்து, கணக்கிலிருந்த பணத்தைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். எந்த அரசு அலுவலகமும் ஓ.டி.பி. எண்ணைப் போனில் கேட்காது. 'கடன் வாங்கித் தருகிறேன், நூற்றுக்குப் பத்து கொடு' என்கிற தரகரையும் வீட்டு வாசலோடு அனுப்பிவிட வேண்டும். 3 லட்சம் வரையிலான கிசான் அட்டைக் கடனுக்குப் பரிசீலனைக் கட்டணம்கூட வேண்டாம் என்பதே விதி. சந்தேகமிருந்தால் 1800 180 1551 என்ற கிசான் அழைப்பு மைய எண்ணை ஊரிலிருப்பவர் கூப்பிட்டால் தமிழிலேயே பதில் சொல்வார்கள். செலவில்லை.

அறுபது நாள் இருக்கிறது

2024 நவம்பர் முதல் ரயில் டிக்கெட்டை அறுபது நாள் முன்னதாகத்தான் எடுக்க முடியும். நாகர்கோவில் எக்ஸ்பிரசுக்கு டிக்கெட் எடுத்த அன்றே காரியத்தைத் தொடங்கினால் லீவு வீணாகாது.

முதல் வாரம், தமிழ்நாடு அரசின் நிலச் சேவை இணையத்தில் ஊர்ப் பெயரும் புல எண்ணும் கொடுத்துச் சிட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு மும்பையில் ஒரு கைபேசி போதும். அடுத்து இறப்புச் சான்றிதழும், மூலப் பத்திரமும், வரி ரசீதும் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று ஊரில் கேட்டு எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ–சேவை மையத்தில் மனுக் கொடுக்க வேண்டும். அக்கா, தங்கைகளிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். பிறகு ஊரில் இறங்கும் பத்து நாளில் கிராம நிர்வாக அலுவலர், சர்வேயர், சங்கச் செயலாளர் மூவரையும் பார்த்துவிடலாம்.

கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்குப் போகிறவர்கள் ஒரு தடவையாவது தாலுகா ஆபீசுக்கென்று போக வேண்டும். மேலே சொன்ன அண்ணனும் அப்படிப் போனால், அடுத்த பிசானத்துக்குத் தம்பியிடமிருந்து போன் வரும்போது பேச்சு வேறாக இருக்கும். "அண்ணே, சொசைட்டியில கடன் விழுந்துட்டு. கெடுவுக்கு மட்டும் மறந்திராதிய."